கீரிப்பூச்சி

கைப்பட்டையில் லோஷினி ஏ/பி தனபாலன், ஏழு வயது.
இரவு இரண்டேகாலுக்கு
வலப்பக்க அடிவயிற்றைத் திறந்தோம்.

சீழ் இருக்கும் என்று
உறிஞ்சுகுழாயைத் தயாராய்ப் பிடித்திருந்தேன்.
இல்லை.
மழை விட்டதும் வெளியே வந்த மண்புழுபோல்
குடல்வால் சும்மா கிடந்தது, சிவப்புகூட ஏறாமல்.
"இது ஒரு தப்பும் செய்யலையே"
டாக்டர் ஹஸ்லினா மலாயில் சொன்னார், அதனிடமே.

இரண்டடி சிறுகுடலை விரலால் அளந்தார்.
சினைப்பையை எட்டிப் பார்த்தார்.
எல்லாம் சரி.
திறந்த வீட்டில் வெறுங்கையோடு திரும்புவதெப்படி?
வாலை மட்டும் நறுக்கிக் கிண்ணத்தில் போட்டார்.

விளக்கைத் திருப்பினேன்.
நறுக்கிய வாயிலிருந்து
ஒரு வெள்ளை நூல் தலை நீட்டியது,
கொஞ்சம் யோசித்தது,
பிறகு நடந்தது.
பின்னால் இன்னொன்று.

கதவுக்கு வெளியே அவர்கள்.
அவன் பூட்ஸில் செம்பனைத் தோட்டத்துச் சேறு,
அவள் கையுறை ஆலையின் நீலச் சட்டையிலேயே.
'சாச்சிங்' என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.
தமிழில் நான் சொல்ல வேண்டும்.
புழு என்றால் பிணத்து ஞாபகம். கிருமி என்றால் பயம்.
கட்டிதான் என்று முடிவுகட்டி
அடகுக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று
அவன் ஏற்கெனவே கேட்டிருந்தான்.
சிலிம் ரிவரில் இருபது வருஷமாய்ப் புழங்காத சொல்
எங்கிருந்தோ வாய்க்கு வந்தது:
கீரிப்பூச்சி.

"பூச்சியா, மிஸ்ஸி?" சிரித்துவிட்டான்.
"பூச்சிதான். வீட்டில் எல்லாருக்கும் இருக்கும்.
ஒரே ராத்திரியில் எல்லாரும் மாத்திரை போடணும்,
ரெண்டு வாரம் கழித்து மறுபடி.
துணியெல்லாம் கொதிக்க வைங்க.
நகம் வெட்டுங்க. உங்க நகமும்."
அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் சிரிக்கவில்லை.
"ராத்திரி அரிக்குது அரிக்குதுன்னு சொல்லும்.
அங்க கை வைக்காதேன்னு கிள்ளுவேன்.
கிளாஸ்ல நெளியுதுன்னு டீச்சர் எழுதி விட்டாங்க,
அன்னைக்கும்..."
எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்றேன்.
அவள் காதில் விழவில்லை.

ஐந்தரைக்கு வார்டில்
மயக்கம் பாதி தெளிந்து பிள்ளை நெளிந்தது.
அவள் கை பழக்கத்தில் எழும்பியது.
பாதி வழியில் நின்றது.
போர்வையின் ஓரத்தைப் பிடித்து
இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டேயிருந்தது.

போத்தலில் பெயர் ஒட்டினேன்.
படிவத்தில் 'வீக்கம் இல்லை' என்று எழுதினேன்.
மூன்றாவது முறை கை கழுவினேன்.
வேலை முடிந்து போகும்போது
மருந்துக்கடையில் என் வீட்டுக்கும்
நான்கு மாத்திரை கேட்டேன்,
யாருக்கோ வாங்குவதுபோல.