முதல் எழுத்து

கியூம்ரி ரயில் நிலையத்தில் ஸாவெனுக்கு இரவுப் பணி.
சரக்கு வண்டி போனபின்
கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறான்:
திராட்சை இலையில் அரிசியும் இறைச்சியும் பொதிந்த
ஓர் உணவு.
பெயரின் முதல் எழுத்தை மாற்றுகிறான்.

ஷேக்கியில், மருந்துக்கடையின் தூரானா
மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டு
மாற்றியதை மாற்றுகிறாள்.

தொண்டை அதிர்ந்தால் அவள் நாட்டுடையது,
அதிராவிட்டால் அவனுடையது.
தமிழில் எழுதப் போய் மாட்டிக்கொண்டேன்:
இரண்டுக்கும் எங்களிடம் ஒரே ட.
அதுவும்
சொல்லுக்கு முதலில் நிற்கக் கூடாதென்று
இலக்கணம் தள்ளிவைத்த ட.

பேச்சுப் பக்கம் நானூறு திரை நீளம்.
ஒரு பேரரசின் வரிக்கணக்கு,
ஒரு பாதிரியாரின் பயணக் குறிப்பு,
சான்று தேவை,
உன் சான்றுக்குச் சான்று தேவை.
யாருக்கும் பசித்ததாக அதில் எங்கும் இல்லை.

மார்ச்சில் ஒரு நாள், ஊர்பேர் தெரியாத எவனோ
இலையின் பளபளப்பான பக்கம் உள்ளே
என்று எழுதிவிட்டுப் போனான்.

ஸாவென் பதறித் திருத்திச் சேமித்தபோது
திரை சொன்னது: தொகுப்பு முரண்.
உங்களுக்கு முன் வேறொருவர் சேமித்துவிட்டார்.

தூரானா.
"நரம்புப் பக்கம் உள்ளே. பிரிந்துவிடாமல் இருக்க
மேலே ஒரு தட்டைக் கவிழ்க்கவும்."
அந்தத் தட்டு வரை அதே.
அவனுடையதில் ஒரு காற்புள்ளி கூடுதல்,
அவ்வளவுதான்.

நன்றிப் பொத்தான்மேல் விரல் நின்றது,
யெரெவான் வண்டிக்கு மணி அடிக்கும்வரை.

கொடி காட்டிவிட்டு வந்தான்.
பக்கத்தின் உச்சிக்குப் போய்
முதல் எழுத்தை மாற்றினான்.