இருபது செடிகளின் பாக்கி

வந்த வேகத்தில் மண்வெட்டி கேட்டாய், மெர்லின்.
பூ விடுகிற நேரம்.
என் கால் ஏக்கரில்
வரிசைக்கு இரண்டாக இருபது செடிகளை
வேரோடு தோண்டி வாளித் தண்ணீரில் அலசினாய்.
வரப்பில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்,
வாய்விட்டு.
உனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

மாசியில் நீதான்
சோறு வடித்த கஞ்சியில்
கறுப்புப் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கச் சொன்னாய்.
விதைக்கு அதில் ஒரு புரட்டு,
நிழலில் அரைமணி உலர்த்தல்.
"இந்த மண்ணுக்குச் சோயாவைத் தெரியாதுக்கா,
துணைக்கு ஆள் அனுப்பணும்."
பேளூர் மண்ணுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று
பாதி விதையைச் சும்மாவே போட்டேன்.
உன்னிடம் சொல்லவில்லை.
வேரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாய்.

ஒரு வேர் மொட்டை.
இன்னொன்றில் கேழ்வரகு ஒட்டியதுபோல் முடிச்சுகள்.
ஒன்றை நகத்தால் கிள்ளி
என் உள்ளங்கையில் வைத்தாய்.
உள்ளே இளஞ்சிவப்பு,
பல் துலக்கும்போது ஈறில் கசியுமே, அந்த நிறம்.
செடிக்கு ரத்தமா என்றேன்.
கிட்டத்தட்ட, என்றாய்.
காற்றில் இருப்பதைப் பிடித்து வேருக்கு ஊட்டுமாம்.
யூரியா மூட்டையில் இருப்பதும் அதேதானாம்.
இது கடன் சொல்லி வாங்க வேண்டியதில்லை.

கடன் சொல்லாமல் வந்த ஒன்றை
அதுவரை கையில் வைத்துப் பார்த்ததில்லை நான்.

பிறகு நீ போய்விட்டாய்.
இலையெல்லாம் தானே உதிர்த்துவிட்டு
காய் மட்டும் கிலுகிலுத்து நின்ற வாரம்
லீ பஜாரில் மாதிரி காட்டினேன்.
மணியை விரலில் உருட்டிய தரகர்
"இது இங்க ஓடாத சரக்கு" என்றார்.
ஓடாத சரக்குக்கு ஒரு விலையும் சொன்னார்.

பதினாலு பேர் சேர்ந்தோம்.
கணக்கு எழுத அங்கமுத்து மருமகள் சுகந்தி.
நாமக்கல் தீவன மில்லுக்கு ஒரே லாரி என்று பேச்சு.
ஈரமானி பதினாலு காட்டியது,
பன்னிரண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.
அரவை நின்றிருந்த சேகோ ஆலையின்
வெள்ளைக் களத்தை இரவல் வாங்கி
ஜவ்வரிசி காய்கிற இடத்தில்
மஞ்சளாய்ப் பரப்பினோம்.
சேர்வராயன் தலையில் மேகம் கறுத்தபோதெல்லாம்
பதினாலு வீடும் தார்ப்பாயோடு ஓடியது.
மூன்று முறை ஓடினோம்.
மழை ஒரு முறைதான் வந்தது.
மூன்றாம் நாள், பதினொன்று புள்ளி எட்டு.
சுகந்தி அதை இரண்டு தடவை படித்தாள்,
களத்துக் கடைசி வரை கேட்கிற மாதிரி.

உன் அறிக்கை தபாலில் வந்தது.
அதில் நான் 'விவசாயி ஏழு'.
கஞ்சி பட்ட செடிக்கு முடிச்சு சராசரி முப்பத்தொன்று.
மரவள்ளிக்கு இந்தத் தடவை
ஒரு மூட்டை யூரியா குறைந்தது என்றும் எழுதியிருக்கிறாய்,
சரிதான்.
எழுதாமல் விட்டது:
செடிக்கு அறுபது காய், காய்க்கு இரண்டு மணி,
இருபது செடிக்குக் கால் கிலோ சொச்சம்.
மில் போட்ட விலையில்
பதிமூன்று ரூபாய் எனக்குப் பாக்கி.
வரும்போது கொண்டு வா.

இன்னொன்று.
நீ தோண்டிப் போன ஒரு வாரம் கழித்து
விடியலில் நானே ஒரு செடியைத் தோண்டினேன்,
கஞ்சி படாத பக்கம், வாய்க்கால் ஓரம்.
மொட்டை வேரில்
ஒன்றே ஒன்று, கடுகளவு.
பாய்ந்த தண்ணீரோடு நடந்து வந்ததோ என்னவோ.
கிள்ளினேன்.
சிவப்பு.

இருபத்தொன்றை உன் தாளில் ஏற்றாதே.
அது என் ஆராய்ச்சி.