சார்பின்மைப் படிவம்

கம்பெனிப் பெயரில் மூன்று வெள்ளைக்காரர்கள்.
மூவரும் செத்து நூறு வருஷம் இருக்கும்.
வண்ணார்பேட்டையில் மூன்றாம் மாடி,
லிஃப்ட் இரண்டாவதோடு நின்றுகொள்ளும்.
அடையாள அட்டையில் இடம் பத்தாமல்
'ஆவுடைச்செ' என்று முடிந்துபோனேன்.
வாரத்தில் ஐந்து நாள் தணிக்கை,
சனியும் ஞாயிறும் பட்டப்படிப்பு,
ஃபீஸ் அவர்கள் கட்டுகிறார்கள்.
மூன்று வருஷம் விலகமாட்டேன் என்று
முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் மாதம் கற்றது:
பச்சைப் பேனா எங்களுடையது,
கிளையண்ட் தொடக்கூடாது.
இரண்டாம் மாதம்: அற்பத்தொகை.
நாற்பத்தெட்டாயிரத்துக்குக் கீழே
எந்தப் பிழையும் பிழையில்லை.
எங்கள் வீட்டில்
அதற்கு மேலே எதுவுமே நடந்ததில்லை.

தை மாசப் பட்டியலில்
முக்கூடல் பக்கத்துப் பீடிக் கம்பெனி
என் பெயருக்கு நேரே விழுந்தது.
போகுமுன் படிவம், இருபத்திரண்டு கேள்வி.
பங்கு உண்டா? இல்லை.
கடன் உண்டா? இல்லை.
இல்லை இல்லை என்று
வேகமாக இறங்கிக்கொண்டிருந்தேன்.
பதினேழு:
தங்களுக்கோ குடும்பத்தாருக்கோ
இந்நிறுவனம் ஏதேனும் தரவேண்டியுள்ளதா?

அம்மா முறத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.
"தரணும்லா. போன வருச போனஸ்,
மூவாயிரத்து நானூத்தி அறுவது.
ஏன், வாங்கித் தரப்போறியாக்கும்?"

'ஆம்' என்று டிக் அடித்தேன்.
பதினொரு நிமிஷத்தில் சென்னையிலிருந்து
இரண்டு வரி மெயில்.
இரண்டாவது வரி நன்றி.
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
ஹேமலதா மேடம் சொன்னார்:
"தொகை அற்பம்தான், ஆவுடை.
கேள்வி அற்பமில்ல."
அதை நோட்டில் எழுதினேன்.
பரீட்சைக்கு உதவும் என்றுதான்.

என்னைப் பணகுடிக்கு அனுப்பினார்கள்.
காற்றாலை நாற்பத்தியொன்று,
ஒவ்வொன்றின் காலடியிலும் தகடு,
தகட்டில் எண்,
எண்ணுக்கு நேரே பச்சை டிக்.
காற்றில்லாத மாசம்.
எல்லாம் கையை விரித்து நின்றன.
கிடை போட்டிருந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"காத்தாடிய எண்ணுதியா தாயி?
இத எவன் தூக்கிட்டுப் போவான்?"
யாரும் தூக்கிப்போகவில்லை என்று எழுதத்தான்
நூற்றிருபது கிலோமீட்டர் கார் வாடகை.
இருபத்தேழாவதில் தகட்டைக் காணோம்.
நான்கு ஆணித்துளை மட்டும்.
கண் முன்னால் எண்பது மீட்டர் நிற்கிறது,
நான் 'சரிபார்க்க இயலவில்லை' என்று எழுதினேன்.

இருட்டும்போது ஃபெபின் அண்ணன் போன் பண்ணினார்.
முக்கூடலில் இருந்து, என் இடத்தில் இருந்து.
"ஆவுடை, இங்க பாஸ்புக்குல
'தள்ளுனது'ன்னு ஒரு பத்தி இருக்கே, என்ன அது?
ஸ்டாக்ல அப்படி ஒண்ணுமே இல்ல."

எனக்குத் தெரியும்.
ஆயிரம் கொண்டுபோனால் நாற்பதைத் தள்ளுவார் செக்கர்,
கட்டு இளக்கம், தூள் கம்மி என்பார்.
தள்ளியதற்குக் கூலி கிடையாது,
தள்ளியது திரும்பியும் வராது.
ஒரு கடையில் எத்தனை பொம்பிளைகள்,
வருஷத்துக்கு எத்தனை நாள்.
என் தலைக்குள் கூட்டல்
நாற்பத்தெட்டாயிரத்தைத் தாண்டி
ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, நான் அந்த ஃபைல்ல இல்ல."

அவர் வைக்கவில்லை.
அவர் பக்கம் ஃபேன் சத்தம் கேட்டது.
யாரோ காபி கொண்டுவந்து வைத்தார்கள்.

"பின்னால ஒரு ரூம் இருக்கும்," என்றேன்.
"பூட்டியிருந்தா தொறக்கச் சொல்லுங்க."

காரில் திரும்பும்போது
வள்ளியூர் வரை டிரைவர் பேசவில்லை, நானும்.
அம்மாவிடம் சொன்னேனா? இல்லை.
படிவத்தில் இதற்கு ஒரு கேள்வி இருக்கிறதா என்று
அன்றிரவு ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை
மறுபடி படித்தேன்.

அறையைத் திறந்தார்களா தெரியாது.
அந்த ஃபோல்டரைத் தட்டினால்
'அனுமதி இல்லை' என்று வருகிறது.
பெயர் கேட்கிறது.
முழுப்பெயரும் அடித்துப் பார்த்தேன்.