குப்பை போடும் நேரம்

இன்றைக்கு எதுவும் நடக்கவில்லை.
அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.
யாரும் சாகவில்லை, வேலை போகவில்லை,
ஈப்போவிலிருந்து மாமியார் பேசியதிலும்
மிளகாய்த்தூள் அரைத்த கதை மட்டும்தான்.

ஆனாலும் காலை ஐந்தரைக்கு
சர்டின் டின்னைத் திறந்தபோது
கை அப்படியே நின்றுவிட்டது.
தக்காளிச் சாற்றுக்குள் மூன்று மீன்கள்
தலையில்லாமல், ஒழுங்காக,
ஒன்றையொன்று இடிக்காமல் படுத்திருந்தன.
பொறாமையாக இருந்தது.

அதற்குள் தர்ஷனுக்கு ஒரு காலுறை காணோம்.
ஹேமவர்த்தினிக்குப் பத்து நிமிடமாகக் கண்ணாடி.
"அம்மா, பத்து வெள்ளி, நாளைக்குக் கடைசி நாள்."
கீழே வேன் ஹாரன் அடித்தது.
பதினான்கு மாடி ஏறி
அந்தச் சத்தம் நேரே என் பல்லுக்கு வந்தது.

பாயா தெருபோங்கில் மழை
மலையிலிருந்து சொல்லாமல் இறங்கும்.
கழியில் காயும் துணியை எடுக்க ஓடுவேன்.
இன்று ஓடவில்லை.
பள்ளிச் சட்டை மறுபடி நனைவதை
நின்று பார்த்தேன்,
யார் வீட்டுத் துணியோ போல.

போன மாதம் கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
கடந்த இரண்டு வாரங்களில், என்று தொடங்கும் கேள்விகள்.
"சில நாள்கள்" என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
எந்த நாள்கள் என்று எழுத
அதில் இடமில்லை.

மாலை ஏழேமுக்காலுக்குக் குப்பை போடப் போவேன்.
பை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும்.
சில நாள் ஒரு முட்டை ஓடு, நாலு வெங்காயத் தோல்.
"இதுக்காமா கீழே போறீங்க?"
நாறும் என்பேன்.

இறங்க ஒரு நிமிடம்.
தொட்டிவரை நடை.
பூனையிடம் ஒரு வார்த்தை.
மேலே வந்ததும் கதவு திறக்கும்,
சாம்பிராணியும் பக்கத்து வீட்டு பெலாச்சானும் உள்ளே வரும்.
நான் இறங்காமல்
மறுபடி 'ஜி'யை அமுக்குவேன்.

ஒன்பதாம் மாடி காக் சைத்தூன்
இரண்டாம் சுற்றிலும் என்னோடு ஏறினாள்.
"பெனாட்?" என்றாள்.
"பெனாட்" என்றேன்.
அலுப்பு என்று தமிழில் கேட்டிருந்தால்
அங்கேயே அழுதிருப்பேன்.
அடுத்தவர் மொழியில் அது
வெறும் கால்வலியாக நின்றது.
என் மாடியின் பொத்தானை அவளே அமுக்கினாள்.

சமையலறை ஜன்னலில் கார் நிறுத்துமிடம் தெரியும்.
எட்டேகாலுக்குப் பத்மநாதனின் புரோட்டோன் வரும்.
முன்விளக்கு அணையும்.
உள்ளே சின்ன மஞ்சள் விளக்கு அணையாது.
பத்து நிமிடம். சில நாள் பதினைந்து.

முதலில் சந்தேகப்பட்டேன்.
யாரிடம் இத்தனை பேச்சு என்று
குப்பைப் பையோடு ஒரு நாள்
தூண் மறைவில் நின்றேன்.
போன் இல்லை. ரேடியோ இல்லை.
ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் வைத்து
நின்றுபோன வண்டியை
ஓட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைத் தட்டவில்லை.
பூனைகூடக் கத்தவில்லை, நல்லவேளை.

அன்றிலிருந்து
அந்த மஞ்சள் விளக்கு அணைந்த பிறகுதான்
தோசைக்கல்லை ஏற்றுகிறேன்.
"எப்படித்தான் நான் வர்றப்ப சரியா சூடா இருக்கு?"
என்கிறார், தட்டைப் பார்த்தபடி.
லிஃப்டைப் பற்றி நான் சொன்னதில்லை.
காரைப் பற்றி அவர் சொன்னதில்லை.
சட்னிக்கு உப்பு போதுமா என்று கேட்டேன்.
போதும் என்றார். போதவில்லை.

"அம்மா, மகிழ்ச்சிக்கு எதிர்ச்சொல்?"
செவ்வாய்க்கிழமை என்று வாய்வரை வந்தது.
துக்கம் என்று எழுதச் சொன்னேன்.
டீச்சருக்கு அது போதும்.

இரவு பதினொன்றரை.
மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் அவன் சட்டை,
நாள் முழுக்க நின்று களைத்தவன் போல.
இஸ்திரி வைத்ததும் ஆவி எழும்பியது.
முதுகு காய்ந்தது. கை காய்ந்தது.
சட்டைப்பையில் மட்டும்
கொஞ்சம் ஈரம் நின்றது.

பத்து வெள்ளியை நாளை
அதில்தான் வைத்தனுப்ப வேண்டும்.