ஏழு கால் நண்டு

புன்டா அரீனாஸில் காற்றுக்கு
இப்போது இவள் வீட்டு ஜன்னல் மட்டும்தான்.
கடைசிப் பையன் ரெனாட்டோவும்
வடக்கே தாமிரச் சுரங்கத்துக்குப் போய்விட்டான்.

சுங்க அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம்
ஊரார் பெட்டிக்கெல்லாம் முத்திரை குத்திய எடெல்மீரா
தரை போட்டு மிஞ்சிய லினோலியத் துண்டில்
ஒரு நண்டைச் செதுக்கினாள்.
கட்டைவிரல் கிழிந்தது.
கால் ஏழுதான் வந்தது.
அடியில் வெட்டிய பெயரோ
காகிதத்தில் முதுகைக் காட்டி நின்றது.

ஆளில்லா வீட்டில்
வாய்விட்டுச் சிரித்தாள்.
விடியும்வரை அச்சடித்தாள்.

"என் கட்டில் எங்கேம்மா?"
செல்போனில் ரெனாட்டோ.
அவன் அறையில், குறுக்கே கட்டிய கயிற்றில்
ஈரம் காயாத பதினெட்டு நண்டுகள்,
எல்லாவற்றுக்கும் ஏழே கால்.

"கொட்டகையில் கிடக்கு.
கையெல்லாம் மைடா,
அப்புறம் கூப்பிடு."