ராங்கி குடித்த தண்ணீர்

மார்கழிப் பனியில் பொகவந்தலாவையில்
யாருக்குத் தாகம் எடுக்கும்?
மலைக்குக் கொண்டுபோன போத்தலே
பாதியோடு திரும்பி வரும் காலம்.

ராங்கிக்கு எடுத்தது.
சட்டியை நக்கி முடித்து
வாளிக்குள் தலையை விட்டது.
வாளியைத் தூக்கி மேலே வைத்தால்
பீலிக்கே இறங்கிப் போய்
குடத்தோடு நின்ற பொம்பளைகளின் வரிசையில்
தானும் ஒரு ஆள் மாதிரி நின்றது.

கருவாட்டுத் தலை போட்டிருப்பாய், அதுதான்
என்றாள் அடுத்த காம்பராச் செவனாயி.
போட்டேன்தான்.
ஒரு நாள் தாகத்துக்கு அது சரி.
ஆறாம் நாளும் குடிப்பது
எந்தக் கருவாட்டுக்கு?

இஸ்தோப்பில் காயப்போட்ட படங்கில் மூத்திரம்.
மூன்று வருசத்தில் ஒருநாளும் செய்யாத வேலை.
எனக்கு ஆத்திரம்.
நாற்பத்தேழு படி ஏறிச் சுமந்த தண்ணீர்
இப்படியா போகும்?
ஆறு மணிக்கே சட்டியைக் கவிழ்த்தேன்.
குடிக்காவிட்டால் பெய்யாது.
இது என் கணக்கு.

விடியற்காலை கதவைத் திறந்தால்
சுவர்த் தகரத்தில் வழிந்த பனியை
நக்கிக்கொண்டு நிற்கிறது.
வாலை ஆட்டியது வேறு.

டவுன் மிருக ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன்.
டொக்டர் நோனா முதலில் கேட்டது:
தண்ணி நிப்பாட்டினதா?
நான் பேசவில்லை.
நிப்பாட்ட வாணாம். எவ்வளவு கேக்குதோ குடுங்க,
ஆனா அளந்து குடுங்க. எத்தன கிலோ நாய்?

கொழுந்துத் தராசில் சாக்கோடு தொங்கவிட்டேன்.
பதினாலு.
கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே
சாக்குக்கு ஒரு கிலோ கழித்தார்,
எங்கள் கொழுந்துக்குக் கழிக்கிற அதே கையால்.
பதின்மூன்று.

ஒரு கிலோவுக்கு நூறு மில்லி,
அதைத் தாண்டினால் சும்மா விடக்கூடாதாம்.
இதற்கு ஒன்று, ஒன்றே கால் லீட்டர் போதும்.
பெரிய சோடாப் போத்தலில் ஊற்றி ஊற்றி
அடுத்த நாள் காலைக்குள் இரண்டு காலி.
ரொட்டியை முகர்ந்து பார்த்துத் திரும்பிக்கொண்டது.
வயிறு மட்டும் இறுகிப் பெருத்திருந்தது.
பின்பக்கத்தை ஓயாமல் நக்கியது.

யோகமூர்த்தியின் த்ரீவீலில்
மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
சீனியாக இருக்கலாம், கிட்னியாக இருக்கலாம்,
என்றுகொண்டே நோனா வயிற்றைத் தடவினார்.
பிறகு கை நின்றது.
லயத்தச் சுத்தி ஆம்பள நாய் நிண்டது எப்ப?

தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த கிழமை.
விரலை மடக்கி எண்ணினேன். ஏழு கிழமை.

கர்ப்பப்பையில் சீழ்.
விசத்தைக் கழுவத்தான்
அவ்வளவு தண்ணீர் கேட்டிருக்கிறது உடம்பு.
நான் சட்டியைக் கவிழ்த்திருக்கிறேன்.
நாளைக்கு வரவா என்றேன், காசுக்காக.
நாளைக்கு நாய் இருக்காது என்றார்.
சீட்டுக் காசு போனது. போகட்டும்.

ஐந்தாம் நாள்
வயிற்றில் தையலோடு எழுந்து வந்து
நாலு நக்கு நக்கிவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது ராங்கி,
பெயருக்கு ஏற்ற மாதிரி.
சட்டியில் பாதி மிச்சம்.
அந்தத் தண்ணீரைக் கொட்ட
எனக்குக் கை வரவில்லை.

தை பிறந்துவிட்டது.
அடுப்புப் புகை ஏறிக் கறுத்த அந்தத் தகரத்தில்
ஒரு நாயின் நாக்கு எட்டும் உயரத்தில்
பளிச்சென்று ஒரு கோடு
இன்னும் இருக்கிறது.