பதினொன்று தசம் நாலு

சம்மாந்துறை ஆலை வாசலில் ஏழு லொறிகள்.
மாசி வெயில். நெல்லின் சுணை காற்றில்.
எடைப்பாலத்துக் கணினி மட்டும் எழும்பவில்லை;
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
இமைத்துக்கொண்டேயிருக்கிறது.

ஜெஸீல்தான் செய்திருக்கிறான்.
புதிதாய் வாங்கிய அச்சுப்பொறியைப்
பழைய பதிப்பு அடையாளம் காணவில்லையாம்.
ராவோடு ராவாக ஒரு சொல்லை மாற்றி
நிலைக்கிளையில் இருந்த ஆலையை
வளர்கிளைக்கு ஏற்றிவிட்டான்.
அச்சுப்பொறி இப்போது அழகாக அச்சடிக்கும்.
அச்சடிக்க எடைதான் இல்லை.

"புதுசுதானே நல்லம், புள்ள?"
தொப்பியால் விசிறுகிறார் ஹாறூன் ஹாஜியார்.
"உங்கட வயலில என்ன நெல்லு?"
"தொண்ணூற்றி நாலு ஒண்டு."
"ஆராய்ச்சி நிலையத்துப் பாத்தியில
பேர் வைக்காத ஒண்டு நிக்கிது.
முப்பது ஏக்கருக்கும் அத விதைப்பீங்களா?"
சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி,
"ஆரோ விதைச்சாத்தானே அதுக்கும் பேர் வரும்?"

பதில் சொல்லாமல் கம்பியைச் செருகினேன்.

நிலையானது என்றால் பிழையில்லாதது என்றல்ல.
பிழை எங்கே கிடக்கிறதென்று தெரியும்,
நாளைக்கும் அங்கேயே கிடக்கும்,
வாய்க்கால் படியில் பெயர்ந்த கல் மாதிரி:
இருட்டிலும் கால் தானாக விலகும்.
தசத்துக்குப் பின்னுள்ள எண் மாறினால்
ஓட்டைக் கூரையில் ரெண்டு ஓடு மாற்றுகிறோம்.
முன்னுள்ளது மாறினால் வீடு மாறுகிறோம்,
சட்டி பானையெல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வளர்கிளைக்கு எண்ணே இல்லை.
காலையில் இறக்கியதும் மாலையில் இறக்கியதும் வேறு.
எந்த நாட்டு நடுச்சாமத்திலோ
ஒருவர் தேவையில்லையென்று ஒரு வரியை அழிக்கிறார்;
இங்கே தராசு ஊமையாகிறது.
தராசு இருப்பதே அவருக்குத் தெரியாது.

முப்பத்தைந்து நிமிடம்.
பதினொன்று தசம் நாலு, மறுபடி.
பழைய அச்சுப்பொறி பல்லை நறநறத்துத்
துண்டை வெளியே தள்ளியது:
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது கிலோ.
சாரதி அதைப் பார்க்கவுமில்லை,
மடித்துக் காதில் சொருகிக்கொண்டு போனார்.

கல்முனையில் என் அறை, இரவு.
என் மடிக்கணினி எப்போதும் வளர்கிளையில்தான்;
இந்த மாதம் மூன்றுமுறை விழுந்து எழும்பியது.
தராசு ஊமையான இடத்தை அதில் தேடிப் பிடித்தேன்.
பதிவுக் குறிப்பின் நாற்பது வரிகளோடு
அழித்தவருக்கே எழுதினேன்.
சுபஹுக்கு முன் பதில் வந்திருந்தது:
திருத்தியாயிற்று. வளர்கிளையில் மட்டும்.

இனி அதை உறையவைப்பார்கள்.
புதிதாய் எதுவும் சேராமல்
பிழை மட்டும் பொறுக்குவார்கள்.
பிறகு கிளை வெட்டி, எண் வைத்து...
ஒரு சிறுபோகம் போகும். ஒரு பெரும்போகம்.

ஜெஸீல் அழைத்தான்.
"புது அச்சுப்பொறிய என்ன செய்ய?"
"பெட்டியில வை. மேல திகதி எழுதி வை."
"எந்தத் திகதி?"

கொஞ்சநேரம் யோசித்தேன்.
"பென்சிலால எழுது."